சர்க்கரையில்லா உப்புத்தூள் யாருக்குத் தேவை?

மருந்துக் கடைகளின் கல்லாவுக்கு அருகே, ஒரு காலத்தில் இருமல் மிட்டாய்களும் வலி மாத்திரைப் பட்டைகளும் இருந்த இடத்தில், இப்போது விரல் நீளப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு, தர்பூசணி எனப் பல சுவைகள். 'எலக்ட்ரோலைட்', 'சர்க்கரை இல்லை', 'தினசரி நீரேற்றத்துக்கு' என்னும் மூன்று சொற்றொடர்களைப் பெரும்பாலான பொட்டலங்களில் காணலாம். அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பருகினால் களைப்பு நீங்கும், உடற்பயிற்சி எளிதாகும் என்பது விளம்பரங்கள் தரும் உறுதி.

தமிழகக் குடும்பங்களுக்கு எலக்ட்ரோலைட் புதிதன்று. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில், வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தரும் வெள்ளைத் தூளாக நாம் அதை நெடுங்காலமாக அறிவோம். நோயாளிக்கு உரியதாக இருந்த அந்தப் பொருள், சர்க்கரை நீக்கப்பட்டு, நலமாக இருப்பவரின் அன்றாடப் பானமாக இன்று மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தால் பயன்பெறுவோர் சிலர் உண்டு. பணத்தை வீணாக்குவோர் பலர். தீங்குக்கு உள்ளாகக் கூடியவர்களும் உண்டு. யார் யார் எந்த வகையினர் என்று பிரித்தறிய வேண்டுமானால், பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அதிலிருந்து நீக்கப்பட்ட சர்க்கரை, முதலில் அங்கு எதற்காக இருந்தது என்பதையும் அறிய வேண்டும்.

எலக்ட்ரோலைட்டைப் பள்ளிப் பாடநூல்கள் 'மின்பகுளி' என்கின்றன. நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரியும் உப்புகள் இவை. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, மக்னீசியம், கால்சியம் ஆகியவை நம் உடலில் முக்கியமானவை. நரம்புகள் செய்தி கடத்துவதும், தசைகள் சுருங்கி விரிவதும், இதயம் சீராகத் துடிப்பதும் இவற்றால்தான். ரத்தத்தில் சோடியத்தின் அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்னும் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். அதைக் காப்பவை சிறுநீரகங்கள். உணவில் உப்பு கூடினால் வெளியேற்றும். குறைந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் நலமாக உள்ள ஒருவருக்கு, வேளாவேளைக்கு உணவும் தாகத்துக்குத் தண்ணீரும் கிடைக்கும்வரை, இந்த வரவு செலவைச் சரிக்கட்ட வெளியிலிருந்து உதவி தேவைப்படுவதில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் நிலைமை வேறு. குடலிலிருந்து நீரும் உப்பும் மணிக்கு மணி வெளியேறுகின்றன. வெறும் உப்புநீரைக் குடித்தால் அது உடலில் போதிய அளவு சேர்வதில்லை. இந்தப் புதிருக்கான விடையை 1960-இல் பிராக் நகரில் நடந்த அறிவியல் கருத்தரங்கில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாயில் வழியே, ஒன்றோடொன்று கைகோத்துத்தான் உள்ளே செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்பது அவரது விளக்கம். காலரா போன்ற கொடிய நோயிலும் இந்த வாயில் மூடுவதில்லை. ஆகவே, ஓ.ஆர்.எஸ். கரைசலில் உள்ள சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. உப்பையும் நீரையும் உடலுக்குள் ஏற்றிச் செல்லும் வண்டி அது.

அந்த வண்டியின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ். 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அதைச் செலுத்தப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களே எடுத்துப் புகட்டும்படி அவர் ஏற்பாடு செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு விகிதம், இக்கரைசல் பெற்றவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 'லான்செட்' மருத்துவ இதழ் 1978-இல், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. 2022-இல் மறைந்த மஹாலனபிஸுக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. வாழும்போது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய புகழை எண்ணினால், இது மிகவும் காலம் தாழ்ந்த மரியாதை.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தி அமைத்த கலவைதான் இன்று நடைமுறையில் உள்ளது. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். ஒரு லிட்டர் கோலா பானத்தில் 100 கிராமுக்கும் அதிகமான சர்க்கரை இருப்பதோடு ஒப்பிட்டால், ஓ.ஆர்.எஸ். கரைசலில் இருப்பது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இந்த அளவும் தற்செயலானதன்று. சர்க்கரை மிகுந்தால் குடல் நீரை ஈர்ப்பதற்கு மாறாக, உடலிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மோசமாகும். சர்க்கரையே இல்லாவிட்டால் வண்டி நகராது.

உடற்பயிற்சிக்கான பானங்களின் வரலாறு வேறு வழியில் வந்தது. 1965-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், வெயிலில் சோர்ந்துபோன கால்பந்து வீரர்களுக்காக உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒன்றை உருவாக்கினர். அதுவே பின்னாளில் 'கேட்டரேட்' என்னும் உலகளாவிய வணிகப் பெயரானது. இங்கே சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு: மணிக்கணக்கில் ஓடுபவரின் தசைகளுக்கு எரிபொருள் தருவது. அரை லிட்டரில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை. மாரத்தான் ஓடுபவருக்கு அது பொருந்தும்; அரை மணி நேரம் நடந்துவிட்டு வருபவருக்கு, நடையில் செலவழித்த கலோரியில் பெரும் பகுதியைத் திரும்பக் கொடுத்துவிடும். அதற்கு எதிர்வினையாகத்தான் சர்க்கரையில்லா வகைகள் பிறந்தன.

அவற்றில் சோடியம் மிகுந்த கலவைகள் பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மாவுச்சத்தைப் பெரிதும் ஒதுக்கும் 'கீட்டோ' உணவுமுறையைப் பின்பற்றுவோரின் சிறுநீரகங்கள், முதல் சில வாரங்களில் வழக்கத்தைவிட அதிக சோடியத்தை வெளியேற்றுகின்றன. தலைவலியும் சோர்வும் வருகின்றன. அவர்களுக்கு உப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. சர்க்கரையோ விலக்கப்பட்ட பொருள். அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு பொட்டலத்தில் 1,000 மில்லிகிராம் சோடியமும், 200 மில்லிகிராம் பொட்டாசியமும், 60 மில்லிகிராம் மக்னீசியமும் இருப்பதன் பின்னணி இது. அந்த உணவுமுறைக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். காலையில் இட்லி சாம்பார், மதியம் ரசம் சோறுடன் அப்பளமும் ஊறுகாயும், மாலையில் மிக்சர் என்று உண்ணும் ஒருவருக்கு அதை அப்படியே பொருத்துவது, குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டைச் சித்திரை மாதத்தில் அணிவதற்கு ஒப்பாகும்.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். சமையல் உப்பின் எடையில் ஐந்தில் இரு பங்கு சோடியம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள், நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியரின் சராசரி உப்பு நுகர்வோ நாளொன்றுக்கு 8 கிராம் அளவில் இருப்பதைத் தேசிய அளவிலான ஆய்வு காட்டியுள்ளது. வரம்பை ஏற்கெனவே தாண்டி நிற்கும் ஒருவர், 1,000 மில்லிகிராம் சோடியம் கொண்ட பொட்டலத்தை நாள்தோறும் கரைத்துக் குடித்தால், மேலும் இரண்டரை கிராம் உப்பைச் சேர்த்துக்கொள்கிறார். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 35 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. 'தினசரி' என்ற சொல்லை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

வியர்வையில் உப்பு போகிறதே என்று கேட்கலாம், உண்மைதான். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடும். அரை கிராமாகவும் இருக்கலாம், இரண்டு கிராமை எட்டவும் செய்யலாம். பயிற்சிக்குப் பின் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகள் படிகின்றன என்றால், அவர் உப்பை அதிகம் இழப்பவர். எவ்வளவு வியர்க்கிறது என்பதை அறிய எடை பார்க்கும் கருவி போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், குறைந்த உடையில், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிழப்பு. இடையே தண்ணீர் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நண்பர்கள் சிலர் வற்புறுத்தியதால், என் மருத்துவரிடம் பொட்டலத்தின் பட்டியலைக் காட்டி இசைவு பெற்ற பின், நானும் நான்கு வாரங்கள் இதைச் சோதித்துப் பார்த்தேன். முதல் இரு வாரங்கள் காலை நடைக்குப் பின் சர்க்கரையில்லாக் கலவை. அடுத்த இரு வாரங்கள் அதே அளவு வெறும் தண்ணீர். எடை, ரத்த அழுத்தம், சிறுநீரின் நிறம், பகலில் தோன்றும் களைப்பு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். கலவையில் 500 மில்லிகிராம் சோடியம் இருந்தது. திருச்சியின் கோடைக் காலையில் 50 நிமிட நடைக்கு நான் இழந்தது 350 முதல் 450 கிராம் எடை. அதிலுள்ள சோடியம் உத்தேசமாக 400 மில்லிகிராம். காலை உணவின் சாம்பாரும் சட்னியும் எளிதில் ஈடுசெய்துவிடக் கூடிய அளவு. இரு கட்டங்களிலும் மதியத்துக்குள் எடை பழைய நிலைக்கு வந்துவிட்டது. களைப்பில் வேறுபாடு தெரியவில்லை. ரத்த அழுத்தத்தில் கண்ட ஏற்ற இறக்கம் அன்றாட மாறுபாட்டைத் தாண்டவில்லை. ஒருவரின் நான்கு வாரக் குறிப்பேடு ஆய்வாகிவிடாது. கலவை எது, தண்ணீர் எது என்று எனக்கே தெரிந்திருந்ததால் அதன் மதிப்பு இன்னும் குறைவு.

சுவை பற்றியும் ஒரு வார்த்தை. உப்பும் புளிப்பும் சேர்ந்தது நன்றாகவே இருந்தது. செயற்கை இனிப்பின் எச்சம்தான் நாவில் நெடுநேரம் நின்று, பின்னர் குடித்த காப்பியையும் கெடுத்தது. ஆயினும் ஒரு நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சுவை இருந்ததால் அரை லிட்டரையும் முழுதாகக் குடித்தேன். வெறும் தண்ணீரில் பாதியிலேயே நிறுத்தத் தோன்றியது. வயது ஏறஏறத் தாக உணர்வு மங்குகிறது என்பது மருத்துவம் அறிந்த செய்தி. தண்ணீர் குடிக்கவே மறந்துபோகும் முதியவரைச் சுவையூட்டிய நீர் குடிக்கவைக்கும் என்றால் அது சிறிய பயனன்று. எலுமிச்சம்பழமும் இதையே செய்யும் என்பது வேறு.

நான் வாங்கிய பொட்டலத்தின் விலை 40 ரூபாய். அதிலுள்ள சோடியத்துக்கு ஈடான உப்பு ஒன்றேகால் கிராம். கிலோ 25 ரூபாய் என்று கொண்டால் மூன்று பைசா. பொட்டாசியம், மக்னீசியம், சிட்ரிக் அமிலம், இனிப்பு, மணம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மூலப்பொருளின் பங்கு மிகச் சிறிது. மீதம், பொட்டலத்துக்கும் விளம்பரத்துக்கும் விற்பனை வலைக்கும் நாம் செலுத்துவது. ஒரு பொருளின் விலை அதன் உற்பத்திச் செலவை ஒட்டியே இருக்க வேண்டும் என்று எந்தப் பொருளியலும் சொல்வதில்லை. வசதிக்கும் விலை உண்டு. மாதம் 1,200 ரூபாய் கொடுத்து எந்த வசதியை வாங்குகிறோம் என்று நுகர்வோர் அறிந்திருந்தால் போதும்.

ஆய்வுகள் சொல்வதும் விளம்பரத்துக்கு முழுத் துணையாக இல்லை. 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 72 ஆண்களுக்குப் பதின்மூன்று வகைப் பானங்களைக் கொடுத்து, அவை உடலில் எவ்வளவு நேரம் தங்குகின்றன என்று அளந்தனர். ஓ.ஆர்.எஸ். கரைசலும் பாலும் தண்ணீரைவிட மேலாகத் தங்கின. விளையாட்டு வீரர்களுக்கான பானம் தண்ணீரிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. அளவுக்கு மீறிக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குத் திரவம் அருந்தியது முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. எலக்ட்ரோலைட் கலந்திருக்கிறது என்ற துணிவில் லிட்டர் கணக்கில் குடிப்பவரும் இந்த ஆபத்திலிருந்து விலகியவர் அல்லர். ஏனெனில் பெரும்பாலான பானங்களில் உள்ள சோடியம் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு.

அப்படியானால் சர்க்கரையில்லாக் கலவையால் யாருக்குமே பயனில்லையா? உண்டு. வெயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கடுமையாக ஓடுவோர், மிதிவண்டிப் பயிற்சி செய்வோர், அவர்களுள் நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கு, 30 கிராம் சர்க்கரை கொண்ட பானத்தைவிட இது மேல். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மேற்சொன்ன ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டுள்ளது, அவர்களுக்குச் சர்க்கரை இல்லை என்ற அறிவிப்பு உண்மையான ஆறுதல்தான். எனினும் சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவற்றை உடல் எடையைக் குறைக்கும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியதையும் நினைவில் கொள்ளலாம்.

ஆறுதல் எங்கே ஆபத்தாகிறது? வயிற்றுப்போக்கு வரும்போது. வீட்டில் ஏற்கெனவே எலக்ட்ரோலைட் பொட்டலம் இருக்கிறது. சர்க்கரையும் இல்லை, நல்லதுதானே என்று எண்ணி, நீரிழிவுள்ள பெரியவருக்கோ பேரக்குழந்தைக்கோ அதைக் கரைத்துக் கொடுப்பது இயல்பாக நடக்கக் கூடியது. குளுக்கோஸ் இல்லாத அந்தக் கரைசல் ஓ.ஆர்.எஸ். செய்யும் வேலையைச் செய்யாது. நீரிழிவாளர் ஓ.ஆர்.எஸ். அருந்தலாமா என்ற ஐயத்துக்கு விடை எளிய வகுத்தலில் இருக்கிறது. 200 மில்லிலிட்டர் கொண்ட ஒரு டம்ளர் கரைசலில் உள்ள குளுக்கோஸ் 2.7 கிராம், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. நீரிழப்பால் சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்தத் தக்கதன்று. ரத்தச் சர்க்கரையைக் கண்காணித்துக்கொண்டு, மருத்துவரின் அறிவுரையோடு ஓ.ஆர்.எஸ். அருந்துவதே முறை.

இதற்கு நேரெதிரான குழப்பத்தை நாடு அண்மையில்தான் கடந்து வந்திருக்கிறது. 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளை வணிகப் பெயரில் தாங்கிய இனிப்புப் பானங்கள் ஆண்டுக்கணக்கில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம், சோடியம் குறைவு. ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல், எச்சரிக்கை வாசகத்துடன் அப்பெயரைப் பயன்படுத்த அளித்த அனுமதியை, 2025 அக்டோபரில் திரும்பப் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு உட்படாத எந்தப் பானமும் அவ்வெழுத்துகளைப் பெயரில் தாங்கக் கூடாது என்பது இன்றைய விதி. பெயர் போய்விட்டது. ஆனால், 'எலக்ட்ரோலைட்' என்ற சொல்லும், அதே அலமாரியும் அப்படியே இருக்கின்றன. முன்பு சர்க்கரை மிகுந்த பானம் நின்ற இடத்தில் இப்போது சர்க்கரையே இல்லாத தூள் நிற்கிறது. நோயுற்ற குழந்தைக்கு இரண்டுமே தவறான பொருள்கள்.

உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்னமும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் 60.6 விழுக்காட்டினருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும், கடைகளில் சில ரூபாய்களுக்கும் கிடைக்கும் பொருளின் நிலை இது. லாபம் குறைந்த பொருளுக்கு விளம்பரம் செய்ய யாரும் முன்வருவதில்லை.

பொருளியல் பாடநூல்களில் 'தேவை' என்பது வாங்கும் சக்தியோடு கூடிய விருப்பம். உடலின் தேவைக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தில் முக்கால் மணி நேரம் செலவிடுபவருக்குப் பத்துச் சுவைகளில் எலக்ட்ரோலைட் காத்திருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்திலும், செங்கல் சூளையிலும், கட்டுமானத் தளத்திலும் எட்டு மணி நேரம் வியர்வை சிந்துபவருக்குத்தான் உண்மையில் உப்பும் நீரும் ஈடுசெய்யப்பட வேண்டும். தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகள், வெப்ப அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைச் சுட்டியுள்ளன. உப்பை அள்ளுபவர்களே உப்பையும் நீரையும் இழந்து நோயுறுவது எத்தகைய முரண்! கழிப்பறை இல்லாததால் பெண் தொழிலாளர்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். எந்தப் பொட்டலமும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. கோடைக்காலங்களில் பொது இடங்களில் ஓ.ஆர்.எஸ். வழங்கும் ஏற்பாடும் நடைபெறுகிறது. 250 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வகுத்திருந்தது. வயலிலும் உப்பளத்திலும் சாலையோரத்திலும் சிறு குழுக்களாக வேலை செய்வோருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. வெயிலில் உழைப்பவர் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு குவளை நீர் அருந்த வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்தால் உப்புச் சேர்ந்த பானமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிறுவனங்களின் அறிவுரை. நிழல், தண்ணீர், கழிப்பறை, நடுப்பகல் ஓய்வு ஆகிய நான்கையும் வேலை தருபவரின் கடமையாக்குவதே அரசு அடுத்து எடுக்க வேண்டிய நடவடிக்கை.

இந்தத் தேவையை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். வயலுக்குப் போகுமுன் உப்பிட்டுக் குடித்த நீராகாரத்தில் நீரும் உப்பும் அரிசியின் மாவுச்சத்தும் இருந்தன; மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது. அரிசி மாவை அடிப்படையாகக் கொண்ட ஓ.ஆர்.எஸ். பின்னாளில் காலரா சிகிச்சையில் பயனளித்ததும் இதனால்தான். நீர்மோரில் உப்போடு பொட்டாசியமும் சிறிது உண்டு. இளநீர் பொட்டாசியம் மிகுந்தது, ஆனால் சோடியம் குறைந்தது. அதனால் மிகுந்த வியர்வைக்கு இளநீர் மட்டும் போதாது. பழமையைப் போற்றும் ஆர்வத்தில் இளநீரை ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு நிகராகச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. பானகத்தில் வெல்லம் மிகுதி. நீரிழிவாளருக்கு அது ஆகாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்பவர் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம்: அரை லிட்டர் நீர், அரை மூடி எலுமிச்சைச் சாறு, தலைதட்டிய கால் தேக்கரண்டி உப்பு. அதில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பொட்டாசியத்துக்கு ஒரு வாழைப்பழம். அதற்குக் குறைந்த பயிற்சிக்குத் தண்ணீரே போதும்.

கடையில் வாங்குவோர் சோடியத்தின் அளவு 100 கிராம் தூளுக்கா, ஒரு பொட்டலத்துக்கா என்பதைப் பார்க்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது. டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்குச் சோடியத்தைவிடப் பொட்டாசியமே கவலைக்குரியது. இம்மருந்துகள் பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. அது மிகுந்தால் இதயத் துடிப்பு தடம் மாறும். இந்த மருந்துகளை உட்கொள்ளும் வயதினர்தான் காலை நடைக்குச் செல்வோரில் பெரும்பாலோர்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்ய வேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. 'வயிற்றுப்போக்குக்கு உரியதன்று' என்ற வாசகத்தை எல்லா எலக்ட்ரோலைட் தூள்களின் முகப்பிலும், அந்தந்த மாநில மொழியில், படிக்கத்தக்க எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். மருந்துக் கடைகள் சட்டத்துக்குக் காத்திராமல் இரண்டையும் வேறு வேறு அலமாரிகளில் வைக்கலாம். வீடுகளிலோ, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று குறிக்கப்பட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டை எப்போதும் வைத்திருப்பது நல்லது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, சிறியது 200 மில்லிலிட்டருக்கானது. பெரியதை ஒரு டம்ளரில் கரைக்கக் கூடாது, சிறியதை ஒரு லிட்டரில் நீர்க்கச் செய்யவும் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டி, 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குழந்தைக்குக் கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ, புகட்டிய கரைசல் முழுவதும் வாந்தியாக வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.